அக்கா வெட்டுவாள், நான் எடுப்பேன்

பிப்ரவரி 2, வெள்ளி

இந்த நோட்டு மெர்லின் சிஸ்டர் கொடுத்தது. டயாலிசிஸ் பிரிவில் அவர் வைத்ததுதான் சட்டம். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கன்னு இதுல எழுதணும் சார். காப்பி, மோர், ரசம் எல்லாமே தண்ணிதான். எழுதாம வந்தீங்கன்னா ஊசிய நானே குத்துவேன்" என்றார். அவர் குத்தினால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதுகிறேன்.

பெயர் நாவரசு. வயது நாற்பத்தொன்று. அச்சகத்தில் பிழைதிருத்துபவன். கல்யாணம் ஆகவில்லை. திருச்சி தில்லைநகரில் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன். என்னுடைய இரண்டு சிறுநீரகங்களும் ஒன்றாகப் பேசிவைத்துக்கொண்டு வேலையை நிறுத்தி எட்டு மாதமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி தண்ணீர். உப்பு கூடாது, தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, சீஸ் கூடாது. மொத்தத்தில், ருசியாக இருந்தால் கூடாது.

காப்பி 100, மோர் 150, தண்ணீர் 450. மொத்தம் 700. ஐம்பது மிச்சம் பிடித்திருக்கிறேன். யாராவது பாராட்டலாம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. ராக்கெட் பர்கர் நாள்.

நான் ஆறாவது படிக்கும்போது திறந்த கடை. வாசலில் தகர ராக்கெட், உள்ளே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, எவர்சில்வர் தட்டில் பட்டர் பேப்பர் சுற்றிய பர்கர். முப்பது வருடமாக ஒன்றையும் மாற்றவில்லை. அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்காது. என் வயதுக்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து, "அப்பா உன் வயசுல இங்கதான்..." என்று தொடங்குவார்கள். பிள்ளைகள் போனிலிருந்து தலையைத் தூக்கமாட்டார்கள்.

எங்கள் அப்பா தொழிற்சங்கக்காரர், சாமி கும்பிடாதவர். சம்பளம் வந்த முதல் ஞாயிறு எங்களை இங்கே கூட்டிவருவார். பிள்ளைகளுக்காகத் தன் வாயைக் கட்டும் ஆள் அல்ல. தனக்கு முழுதாக ஒன்று, எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒன்று. சண்டை வராமலிருக்க ஒரு விதியும் போட்டார்: ஒருத்தர் வெட்டணும், இன்னொருத்தர் எடுக்கணும். அக்கா வெட்டுவாள், நான் எடுப்பேன். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு அவள் நடுக்கோடு பார்க்கிற அழகை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது வழக்கம் வேறு. அவள் சாப்பிடுவாள், நான் கேட்பேன். அக்கா எழிலரசி நர்சரிப் பள்ளி டீச்சர். மூன்று வயதுப் பிள்ளைகளை உட்கார வைக்கத் தெரிந்தவளுக்கு நான் எம்மாத்திரம்?

"மொதல்ல பன்னுடா. அடிப்பக்கம் வெண்ணெயில வாட்டியிருக்கான், ஓரம் முறுகியிருக்கு. கடிச்சதும் ஒரு சின்ன சத்தம். அப்புறம் மெத்துமெத்துன்னு போகுது. இரு... கட்லெட் சுடுது. இன்னிக்கு மிளகு தூக்கல். இப்ப வெங்காயம் நறுக்குன்னு நடுவுல வருது. கடைசியில, எல்லாம் தொண்டைக்குள்ள போனப்பறம், அந்தப் புதினா மட்டும் பின்னாடியே வந்து நிக்குது."

"இன்னொரு வாய்" என்றேன்.

வாயில் ஊறியதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று சிஸ்டரிடம் கேட்க வேண்டும். 650.

பிப்ரவரி 9, வெள்ளி

டாக்டர் இன்று என்னையும் அக்காவையும் அவள் கணவர் ஜீவானந்தம் மாமாவையும் உட்காரவைத்துப் பேசினார். சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் மாநிலப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. எனக்கு முன்னால் பெரிய வரிசை இருக்கிறது. ரத்த சொந்தம் யாராவது ஒன்றைக் கொடுத்தால் சீக்கிரம் முடியும். அவர் சொல்லி வாய் மூடவில்லை, அக்கா, "நான் தரேன் டாக்டர், எங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்புதான்" என்றாள். பக்கத்து வீட்டுக்கு உறைமோர் கொடுப்பதுபோல.

வேண்டாம் என்றேன். வெளியே வந்ததும் மாமாவை சாட்சியாக வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னேன். "உனக்கு ஒண்ணு ஆயிட்டா, உன் கிட்னிய வயித்துல வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? உனக்கு ஒரு பொண்ணு இருக்கா. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு, இந்தப் பேச்சு இனி எடுக்கமாட்டேன்னு."

"நம்ம வீட்டுல யாருடா சத்தியத்த நம்புறா?"

"பண்ணு."

தலையில் பட்டென்று ஒன்று வைத்தாள். கொஞ்சம் பலமாகவே. ஜீவானந்தம் மாமா ஸ்கூட்டர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம்தான், வேறொன்றும் இல்லை. அப்பா அம்மா போனபிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. அதை எழுதிவைக்கிறேன். 700.

பிப்ரவரி 20, செவ்வாய்

750. சிஸ்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணிக் கணக்கு போதும் சார், கதை வேணாம்" என்றார். ஆனாலும் கடைசிப் பக்கம்வரை படித்தார்.

மார்ச் 3, ஞாயிறு

வந்த கோபத்தில் பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது.

ராக்கெட்டில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். வழக்கம்போல ஒரு சிக்கன் பர்கர் சொன்னேன். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். "எனக்கு வேணாம்டா. வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

"உனக்கு நல்லாகணும்னு. வயலூர் முருகனுக்கு வேண்டியிருக்கேன். நல்லாகற வரைக்கும் பர்கர் தொடமாட்டேன்."

எங்கள் வீட்டில் முருகன் என்று பெயர் வைத்த ஆள்கூட கிடையாது. பேய் பிடித்துவிட்டதா என்று கேட்டேன். வயதாகிறது, அப்படித்தான் நம்பிக்கை வரும் என்றாள். சரி, நீ நம்பு, ஆனால் மாதத்தில் எனக்கு இருப்பது இந்த ஒரு ஞாயிறு, அதைப் பிடுங்கிக்கொண்டு என்ன வேண்டுதல் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"பாதியில விட்டா சாமி குத்தம்டா" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக யாராலும் எதுவும் பேச முடியாது. பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சாப்பிடாமலே சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். பன், வெண்ணெய், மிளகு. போன மாதம் சொன்னதையே சொன்னாள். போதும் என்று எழுந்துவிட்டேன். 750. வீட்டுக்கு வந்து கோபத்தில் இன்னொரு ஐம்பது குடித்தேன். மொத்தம் 800. எழுதிவிட்டேன், குத்திக்கொள்ளுங்கள் சிஸ்டர்.

மார்ச் 12, செவ்வாய்

டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். நான் இறங்கியதும் அக்கா ஏறினாள். சும்மா பார்க்கிறேன் என்றாள். எழுபத்தொன்பது கிலோ. போன மாதம் எண்பத்து மூன்று இருந்தாளாம். காலையில் எழுந்து பார்த்தால் அவளும் மாமாவும் மைதானத்தைச் சுற்றி நடக்கப் போயிருக்கிறார்கள். பக்தி வந்தால் இளைக்கும் போலிருக்கிறது.

எனக்கு மாற்றம் இல்லை. 700.

மார்ச் 26, செவ்வாய்

அக்கா எழுபத்தேழு. என் நோட்டில் அவள் எடையை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. 700.

ஏப்ரல் 7, ஞாயிறு

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். அக்கா கீழேயிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள். தெரு வேடிக்கை பார்க்கும் முன் இறங்கிவிட்டேன்.

கல்லாவில் பழனிவேல். கடை திறந்த நாளிலிருந்து இருப்பவர். நெற்றி நிறைய விபூதி, சட்டைப்பையில் முருகன் படம். எங்கள் அப்பாவோடு கடவுள் உண்டா இல்லையா என்று சாஸ் பாட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு வாதம் செய்தவர். அக்கா ஒன்றும் வேண்டாம் என்றதும் பதறிப்போனார். "ஏம்மா, பர்கர் சரியில்லையா?"

"வயலூர் முருகனுக்கு வேண்டுதல்ங்க."

அவர் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. அப்பாவோடு நடந்த வாதத்தில் இத்தனை வருடம் கழித்து ஜெயித்துவிட்டார் அல்லவா? மேசைக்கே வந்து உட்கார்ந்தார். அக்கா பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். நறுக்கிய வெள்ளரிக்காய், நான்கு அவித்த முட்டை. மஞ்சளை எடுத்துப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் தின்றாள்.

பழனிவேல் டப்பாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "முருகன் விரதம்னீங்க?"

"ஆமா."

"முட்டை?"

"வெள்ளை மட்டுந்தாங்க" என்றாள் அக்கா, கொஞ்சமும் தயங்காமல்.

எனக்கு அதில் தவறு தெரியவில்லை. பர்கரைத்தானே விட்டாள், முட்டையை இல்லையே. ஆனால் பழனிவேல் என்னைத் தனியாக அழைத்துப்போய்க் காதருகில் சொன்னார். "தம்பி, முருகனுக்கு விரதம்னு சொல்லிட்டு முட்டை திங்கிற ஆள நான் பாத்ததில்ல. அதுவும் மஞ்சள எடுத்துட்டு. என் மருமவன் ஜிம்முக்குப் போறான், அவன்தான் இப்படித் தின்பான். என்னன்னு விசாரிங்க."

பிழை பார்ப்பது என் தொழில். இருபது வருடமாக ஊரார் கல்யாணப் பத்திரிகையில் ஒற்றெழுத்து தேடுகிறேன். 650.

ஏப்ரல் 12, வெள்ளி

மாமாவுக்குப் பொய் வராது. டயாலிசிஸ் முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது பின்னாலிருந்து கேட்டேன்.

"மாமா, அக்கா எந்த சாமிக்கு வேண்டியிருக்கா?"

வண்டி லேசாக ஆடியது. "சமயபுரத்தாளுக்கு மாப்ள."

"என்கிட்ட வயலூர் முருகன்னா."

"ரெண்டு பேருக்குந்தான்" என்றார். அப்புறம் ஓரமாக நிறுத்திவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார். சத்தியம் செய்த மறுநாளே அவள் டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். எண்பத்து மூன்று கிலோவில் இருக்கும் ஆளிடமிருந்து சிறுநீரகம் எடுக்கமாட்டோம், எழுபத்திரண்டுக்கு வாங்க, உங்க தம்பியும் சம்மதிக்கணும், அப்புறம் பேசலாம் என்று அவர் அனுப்பியிருக்கிறார். எடையை நான் குறைச்சிடறேன், அவன் சம்மதத்த அப்புறம் பாத்துக்கலாம் என்றாளாம்.

"காரணம் கேப்பியே, அதுக்குத்தான் வேண்டுதல்னு சொன்னா. வேண்டுதல்னா யாரும் மேல கேக்கமாட்டாங்கன்னா" என்றார் மாமா.

"உங்களுக்கு இதுல சம்மதமா?"

"பயமாத்தான் இருக்கு மாப்ள. ஆனா வீட்டுல ஒண்ணு ஒண்ணா எல்லாத்தையும் விட்டுட்டு நடக்கறா. நான் கூட நடக்கறேன். வேற என்ன பண்ணச் சொல்ற?"

மீதி வழியை நடந்தே வந்தேன். 500.

ஏப்ரல் 13, சனி

600. யாருடனும் பேசவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. கீழேயிருந்து பாயசம் வந்தது. திருப்பி அனுப்பினேன்.

ஏப்ரல் 17, புதன்

பாயசத்தைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது. ஒரு வாய்க்கு அனுமதி உண்டு. 700.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஊசி ஏற்றி, குழாய் மாட்டி, இயந்திரம் ஓடத் தொடங்கியபிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். "நாலு மணி நேரம் நீ எங்கயும் ஓட முடியாது. இப்ப பேசு."

பொய் சொன்னாய் என்றேன். ஆமாம் என்றாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய் என்றேன். அது நல்ல அடி, வேணும்னா இன்னொண்ணு தரேன் என்றாள். நான் சிரிக்கவில்லை. உனக்கு ஏதாவது ஆனால் என்று பழையபடி தொடங்கினேன்.

"அதையே சொல்லாத அரசு. எனக்குப் பயம் இல்லன்னா நெனக்கிற?" அவள் குரல் உடைந்தது. "சரி, என் கதைய கேளு. பத்து மாசமா நான் ஒரு வாய் எனக்காகத் தின்னல. தெரியுமா உனக்கு? பர்கர் மட்டுமில்ல, வீட்டுல கொழம்பு ஊத்திச் சாப்பிடும்போதும், இத அவனுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிக்கிட்டே மெல்றேன். இது புளிப்பா, கடைசியில வருதே அது என்ன, எப்படிச் சொன்னா அவனுக்குப் புரியும்... வாயில போட்டதெல்லாம் உனக்குச் செய்தியாப் போயிருது. எனக்கு ருசியே தெரியல. அலுத்துப்போச்சுடா. உனக்காகக் குடுக்கல. நான் ஒரு தடவயாச்சும் வாய மூடிக்கிட்டு நிம்மதியாத் தின்னணும். அதுக்குத்தான்."

மெர்லின் சிஸ்டர் இரண்டு கட்டில் தள்ளி யாருடைய ரத்த அழுத்தத்தையோ ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒவ்வொரு முதல் ஞாயிறும் "இன்னொரு வாய்" என்று கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஒரு கை குழாயோடு இருந்தது. மற்ற கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

650.

ஏப்ரல் 30, செவ்வாய்

டாக்டரிடம் கேட்டேன். "அவளோட ரெண்டுல எத எடுப்பீங்க? எது எனக்கு வரும்?"

"ஸ்கேன் பண்ணி ரெண்டும் எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம். வித்தியாசம் இருந்தா, நல்லா இருக்கறது அவங்ககிட்டதான் இருக்கணும். மத்ததத்தான் உங்களுக்கு வைப்போம். இதுல மாத்தமே கிடையாது. அவங்க கேட்டாலும் நாங்க மாத்தமாட்டோம்."

"அவ கேட்டாளா?"

டாக்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

நல்லது அவளிடமே இருக்கும். அதற்குமேல் என்னிடம் மறுப்பு எதுவும் இல்லை. சரி என்றேன். அந்த அறையிலேயே மாமா அழுதுவிட்டார். ஹெல்மெட் அப்போது தலையில் இல்லை.

அக்கா எழுபத்திரண்டரை. 700.

ஜூன் 19, புதன்

நாளை காலை அறுவை சிகிச்சை. ஸ்கேனில் அக்காவின் வலது சிறுநீரகம் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்கிறது. ஆகவே இடது எனக்கு.

சாயங்காலம் ஆஸ்பத்திரி அறையில் நானும் அவளும் மட்டும். என்ன பேசுவதென்று தெரியாமல் ராக்கெட் பர்கரைப் பற்றிப் பேசினோம். அப்பா போட்ட விதிப்படி பார்த்தால் நாளைக்கு நான்தான் எடுக்க வேண்டும், ஆனால் நல்லதை நீ வைத்துக்கொள்கிறாய் என்றேன். அக்கா கட்டிலில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா? அப்பவும் விதிப்படி நடக்கலடா."

வெட்டும் முன் விரலால் கட்லெட்டை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவாளாம். மேலே பன் சரிபாதியாகத் தெரியும். கறி முக்கால்வாசி ஒரே பாதியில் இருக்கும். அந்தப் பக்கத்தை என் வலது கைக்கு நேராகத் திருப்பி வைப்பாளாம். "நீ எப்பவும் வலது பக்கத்தத்தான் எடுப்ப. ஒரு தடவகூட மாறல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அப்பா முழுசா ரெண்டு வாங்கிடுவாரு. அப்புறம் வெட்டற வேலை எனக்கு இருக்காதே."

நான் அழுதேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அவளும் அழுதாள். தண்ணீர் 400. கண்ணீரைக் கழிக்கவில்லை.

ஜூன் 22, சனி

கையெழுத்து கோணுகிறது. சிறுநீர் வந்தது. நிறைய வந்தது. அக்கா நேற்றே எழுந்து நடந்துவிட்டாளாம். மாமா கூட நடந்தாராம்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஐந்து மாதம் மாத்திரை, முகக்கவசம், வீட்டுச் சாப்பாடு. போன வாரம் டாக்டர், "பச்சை வெங்காயம் வேணாம், கண்ணு முன்னாடி சுடச்சுடச் செய்யணும், கூட்டம் இல்லாத நேரமாப் போங்க, ஒண்ணே ஒண்ணு" என்றார். பதினொரு மணிக்கு ராக்கெட் பர்கர் திறந்ததும் முதல் ஆளாக நானும் அக்காவும்.

கல்லாவில் பழனிவேல் மொட்டைத் தலையோடு நின்றார். யாரும் தவறிவிட்டார்களா என்று பயந்துபோனேன்.

"அதெல்லாமில்ல தம்பி. உங்க அக்கா முருகன் பேரச் சொல்லிட்டாங்க. பொய்யோ மெய்யோ, சொன்னது சொன்னதுதான. நீங்க ரெண்டு பேரும் நல்லபடியா எழுந்ததும் நான் வயலூர் போயி முடிச்சிட்டு வந்துட்டேன்" என்று தலையைத் தடவிக்கொண்டார். ஐந்து மாதத்தில் மொட்டை வளர்ந்திருக்குமே என்றேன். இது ஐந்தாவது, மாதமாதம் போக ஆரம்பித்துவிட்டேன் என்றார். அப்பா இருந்திருந்தால் பேச்சு மூச்சற்றுப் போயிருப்பார்.

வெங்காயம் இல்லாமல் ஒரு பர்கர் சொன்னேன். தட்டு வந்தது. அக்கா வழக்கம்போலக் கத்தியை எடுத்தாள். "இன்னிக்கு நான் வெட்டறேன், நீ எடு" என்று வாங்கிக்கொண்டேன். பட்டர் பேப்பரைப் பிரித்து, சாஸ் பாட்டில் மறைவில் விரலால் கட்லெட்டை ஒரு பக்கமாகத் தள்ளினேன். நடுக்கோடு பார்த்து வெட்டினேன். தட்டைத் திருப்பி அவளுடைய வலது கைக்கு நேராக வைத்தேன்.

அக்கா தட்டைப் பார்த்தாள். "டேய், என்கிட்டயேவா?"

"எடு."

மாற்றி எடுப்பாள் என்றுதான் நினைத்தேன். எடுக்கவில்லை. கறி பிதுங்கிக்கொண்டிருந்த பாதியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி ஒரு பெரிய வாய் கடித்தாள். வெண்ணெய் மணிக்கட்டுவரை வழிந்தது. மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினாள். கண்ணைத் திறக்கவில்லை. பேசவும் இல்லை. கடைசித் துண்டுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் என் பாதியைச் சாப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால், அது எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

தண்ணீர்: எண்ணவில்லை.